எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்துவிட்டது, எந்த வக்கீலிடம் போவது?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். பக்கத்து வீட்டாரோடு சுற்றுச்சுவர் தகராறு, வாய்ச்சண்டை கைகலப்பாகி, அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து புகாரும் கொடுத்துவிட்டார். எஃப்.ஐ.ஆரில் உங்கள் கணவர் முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், உங்கள் தம்பி இரண்டாம் எதிரி. நேரில் வரச்சொல்லி ஸ்டேஷனிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. இதற்குள் இரண்டு வக்கீல்களைப் பார்த்துவிட்டீர்கள். ஒருவர் "இன்ஸ்பெக்டர் நம்ம ஆளுதான், ஸ்டேஷன்லயே பேசி முடிச்சிடலாம்" என்றார், இன்னொருவர் "பெயில் நூறு சதவீதம் கேரண்டி" என்று மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னார். இவர்களில் யாரை வைப்பது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படுவது, உங்கள் உண்மையான கேள்வி அது இல்லை. சட்டம் தெரியாத நான், சட்டம் தெரிந்த ஒருவரை எப்படி எடைபோடுவது என்பதுதான். அதற்குப் பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கும்.

அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் கேள்வியின் நடுவே "தம்பி தள்ளியது உண்மைதான், ஆனால் கட்டையை எடுத்தது அவன் இல்லை" என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அப்போது கட்டையை எடுத்தது யார் என்று படிக்கிறவர் எல்லாருக்கும் தோன்றும், விசாரணை அதிகாரிக்கும் தோன்றும். எழுதியதை அழியுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, அதையும் உங்கள் வக்கீலிடம் கேட்டுச் செய்யுங்கள். ஆனால் இனிமேல் நடந்ததைப் பற்றி இங்கேயோ, வாட்ஸ்அப் குரூப்பிலோ, உறவினருக்கு அனுப்பும் வாய்ஸ் மெசேஜிலோ ஒரு வார்த்தை வேண்டாம்.

நான் இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழ்நாட்டின் மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளிலும் செஷன்ஸ் கோர்ட்டுகளிலும் கிரிமினல் பக்கம், பெரும்பாலும் எதிரித் தரப்பில் நின்றவன். அடிதடி, திருட்டு, மோசடி, சில கொலை வழக்குகள். அமலாக்கத் துறை, பொருளாதாரக் குற்றம் போன்றவை என் களம் இல்லை. உங்கள் எஃப்.ஐ.ஆரை நான் பார்க்கவில்லை, நீங்கள் சொன்னதை வைத்துத்தான் பேசுகிறேன். அப்புறம், நீங்களே வாருங்களேன் என்று கேட்டுவிடாதீர்கள். இப்படி எழுதிக் கட்சிக்காரர் பிடிப்பது எங்கள் பார் கவுன்சில் விதிக்கு விரோதம்.

முதலில் நாளைக் காலைப் பயத்தைத் தீர்ப்போம். நீங்கள் எழுதியிருக்கும் பிரிவுகள் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 118(1), 351(3), அதாவது ஆபாசத் திட்டு, காயம், ஆயுதத்தால் காயம், கொலை மிரட்டல். பழைய ஐ.பி.சி., அதாவது இந்தியத் தண்டனைச் சட்ட எண்ணில் சொன்னால் 294(பி), 323, 324, 506(2). தமிழ்நாட்டில் எந்தத் தெருச்சண்டை எஃப்.ஐ.ஆரைப் புரட்டினாலும் இந்த வரிசை கிட்டத்தட்ட அச்சில் வார்த்ததுபோல இருக்கும், பார்த்துப் பதற வேண்டாம். இதில் அதிகபட்சத் தண்டனை 351(3)க்கு, ஏழு வருடம் வரை. ஏழு வருடம் வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்தவுடன் கைது கூடாது, கைது ஏன் அவசியம் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது. கைது தேவையில்லை என்றால் கொடுக்கப்படுவதுதான் இந்த நோட்டீஸ். முன்பு குற்ற நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி.யில் 41ஏ, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில் 35(3). நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறையாகக் கையில் சேர்த்ததாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. அதற்காகப் பேசாமல் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். நோட்டீஸுக்கு ஒழுங்காகப் போய்வருகிறவரைக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது என்பது அதே பிரிவில் இருக்கும் பாதுகாப்பு, போகாமல் இருப்பது அந்தப் பாதுகாப்பை நாமே தூக்கிக் கொடுப்பது. வக்கீல் ஒருவரோடு போய், காகிதத்தில் நோட்டீஸை வாங்கி, தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் பேர், ஊர், முகவரி சொல்ல வேண்டியதுதான். தனக்கே எதிரான சாட்சியாக யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, அது அரசியலமைப்பின் 20(3). போலீஸிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. ஆனால் அதில் "கட்டையை இன்ன இடத்தில் போட்டேன்" என்று சொல்லி, அங்கிருந்து கட்டை எடுக்கப்பட்டால், அந்தத் துண்டு மட்டும் நிற்கும். அதனால் "என்ன சொன்னாலும் செல்லாது, சொல்லிட்டு வா" என்று யாராவது தைரியம் கொடுத்தால் கேட்காதீர்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். உங்களை யாராவது ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால், சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை அவர் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்ல முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டுக்காரருக்கு எலும்பு முறிவா என்பதுதான் இந்த வழக்கின் தலையெழுத்து. எக்ஸ்ரேயில் ஒரு விரல் எலும்பு உடைந்திருந்தால்கூட அது கொடுங்காயம். அப்போது 118(1) என்பது 118(2) ஆக மாறும், அதில் ஆயுள் வரைக்கும் தண்டனை எழுதியிருக்கிறது. போலீஸ் பிரிவை மாற்றி கோர்ட்டுக்கு அறிக்கை அனுப்பினால் மேலே சொன்ன ஏழு வருடக் கணக்கு அப்படியே கவிழ்ந்துவிடும். ஆக, அவருக்கு என்ன காயம், எத்தனை நாள் படுக்கையில் இருந்தார், டாக்டர் என்ன எழுதினார் என்று உங்களிடம் முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்காத வக்கீல் இந்த வழக்கை இன்னும் நினைத்தே பார்க்கவில்லை என்று அர்த்தம். அதேபோல, உங்கள் கணவருக்கோ தம்பிக்கோ அன்றைக்கு அடிபட்டதா? பட்டிருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டினீர்களா? இரண்டு பக்கமும் அடிபட்ட சண்டையில் ஒரு பக்கத்துப் புகார் மட்டும் பதிவாகி நிற்பதற்குக் காரணம், பல சமயம் இன்னொரு பக்கம் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டதுதான்.

சரி, வக்கீலுக்கு வருவோம். உங்கள் முதல் வக்கீல் இன்ஸ்பெக்டரைத் தெரியும் என்றார். தெரிந்திருக்கலாம், ஒரே ஊரில் தொழில் செய்கிறவர்களுக்குள் பழக்கம் இல்லாமல் இருக்காது. ஆனால் எஃப்.ஐ.ஆர். பதிவான பிறகு ஸ்டேஷனில் "முடிக்க" எதுவும் இல்லை. எஃப்.ஐ.ஆர். ஏற்கெனவே மாஜிஸ்திரேட்டுக்குப் போயிருக்கும். அதைக் கிழித்துப்போட இன்ஸ்பெக்டரால் ஆகாது. பேசி முடிப்பது என்பதற்குச் சட்டத்தில் வழி உண்டு, அது வேறு. சில பிரிவுகளைப் பாதிக்கப்பட்டவர் சம்மதத்தோடு கோர்ட்டிலேயே சமரசம் செய்துகொள்ளலாம், மற்றவற்றுக்கு உயர் நீதிமன்றத்தில் சமரசத்தைக் காட்டி வழக்கை ரத்து செய்யக் கேட்கலாம். அக்கம்பக்கத்துச் சண்டைகளில் இது நடக்கிறது, பல சமயம் அதுதான் புத்திசாலித்தனமும்கூட. ஆனால் அந்தப் பேச்சு வக்கீல் மூலமாக மட்டும் நடக்கட்டும். நீங்களோ தம்பியோ நேராகப் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினால், சாட்சியை மிரட்டினார்கள் என்று நாளைக்கே இன்னொரு புகார் வரும்.

இரண்டாமவர் கேரண்டி கொடுத்தார். ஜாமீனுக்கு யாராலும் கேரண்டி கொடுக்க முடியாது. இது எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயங்களில் ஒன்று. உங்கள் வழக்கில் முன்ஜாமீன் கிடைக்க வாய்ப்பு நன்றாக இருக்கிறது என்று நானே சொல்வேன். முன்குற்றம் இல்லை, ஓடிப்போகிற ஆட்கள் இல்லை, பிரிவுகள் பெரிதில்லை. ஆனாலும் மனு வருகிற அன்று காயம்பட்டவர் இன்னும் ஐ.சி.யூ.வில் இருக்கிறார் என்று அரசு வழக்கறிஞர் எழுந்து சொன்னால் கதையே வேறு. 'வாய்ப்பு இருக்கிறது, இன்னின்ன காரணத்தால்; மறுக்கப்பட்டால் அடுத்து இன்னது' என்று சொல்கிறவர்தான் வக்கீல். முடிவுக்குத் தகுந்தபடி பீஸ் என்று பேசுவதும், அதாவது ஜெயித்தால் இவ்வளவு, தோற்றால் இவ்வளவு என்பதும், பார் கவுன்சில் விதிப்படி தடை. "மேலே கொடுக்கணும்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பத்தில் ஒன்பது தடவை அந்தப் பணம் மேலே எங்கும் போவதில்லை, அவர் பையில்தான் இருக்கும். மீதி ஒரு தடவை நீங்கள் புதிதாக ஒரு குற்றத்தில் சேர்கிறீர்கள்.

அப்படியானால் யாரைத் தேடுவது? என் பதில் ஒன்றுதான், கட்டைப் படிக்கிறவரை. கட்டு என்றால் வழக்குக் கட்டு. எஃப்.ஐ.ஆர்., போலீஸ் சாட்சிகள் முன் எழுதும் மகஜர், காயச் சான்றிதழ், சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாம் சேர்ந்த அந்தக் காகித மூட்டை. சினிமாவில் வக்கீல் கத்துவார், மேஜையைத் தட்டுவார். நிஜக் கோர்ட்டில் வழக்கு உடைவது ஒரு தேதியில், ஒரு நேரத்தில், ஒரு ரப்பர் ஸ்டாம்பில்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. ஐந்து பேர் சேர்ந்து ஒருவரை அரிவாளால் வெட்டினார்கள் என்று வழக்கு. ஐந்தாவது எதிரி கல்லூரியில் படிக்கிற பையன். எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேருக்கும் பெயர், அப்பா பெயர், கையில் என்ன வைத்திருந்தான் என்பது வரை இருக்கிறது. அந்தப் பையனின் வக்கீல் பெரிய பெயர் ஒன்றும் இல்லை, மெலிந்த குரல். டாக்டர் சாட்சி கூண்டில் ஏறியபோது அவர் நாலே கேள்வி கேட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் காயம்பட்டவர் யாரால், எதனால் அடிபட்டதாகச் சொல்கிறாரோ அதை விபத்துப் பதிவேட்டில், ஏ.ஆர். என்போம், எழுதுவீர்களா? எழுதுவோம். அவர் நினைவோடு இருந்தாரா? இருந்தார். என்ன எழுதியிருக்கிறது, படியுங்கள். டாக்டர் படித்தார்: தெரிந்த மூன்று நபர்கள், கட்டையால். நேரம்? இரவு 9.40. அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். பிறகு விசாரணை அதிகாரி ஏறியபோது எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்கு எப்போது போனது என்று மட்டும் கேட்டார். மறுநாள் மாலை என்று மாஜிஸ்திரேட்டின் முத்திரையிலேயே நேரம் இருந்தது, அந்த ஸ்டேஷனிலிருந்து கோர்ட் நடந்து போகிற தூரம். மூன்று பேர் எப்படி ஐந்து பேரானார்கள், கட்டை எப்படி அரிவாளானது என்பதை அவர் வாயால் சொல்லவே இல்லை, ஜட்ஜ் எழுதிக்கொண்டார். பையன் விடுதலை. அந்த ஏ.ஆர். காப்பி மற்ற நாலு வக்கீல்களின் கட்டிலும் இருந்தது. நானும் அந்த நாலு பேரில் ஒருவன், ஆகவே கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

இப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்க நான் சொல்லும் வழி பலருக்கு விசித்திரமாக இருக்கும், ஆனால் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. உங்கள் வழக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போகுமோ அங்கே ஒரு நாள் காலை பத்தரைக்குப் போய்ப் பின்பெஞ்சில் உட்காருங்கள். சில வகை வழக்குகளைத் தவிர, குற்ற விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும், யாரும் உட்காரலாம், போனை மட்டும் அணைத்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் வெறும் பெயர் கூப்பிடுவதும் வாய்தா போடுவதும்தான், சலித்து எழுந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு ஏதாவது ஒரு வழக்கில் குறுக்கு விசாரணை நடக்கும். அங்கே பாருங்கள். யார் காகிதத்தைக் கையில் பிடித்து, பக்கம் சொல்லிக் கேள்வி கேட்கிறார், யார் சாட்சியிடம் வீணாகச் சண்டை போட்டு வேண்டாத பதிலை வாங்கிக் கட்டிக்கொள்கிறார், யார் எழுந்தால் ஜட்ஜ் பேனாவைக் கையில் எடுக்கிறார். சட்டம் படிக்காதவருக்கும் இது புரியும். பல்வலிக்காரனுக்கு நல்ல டாக்டரின் கை தெரிகிற மாதிரி. ஒருவர் பெயர் பிடித்துப்போனால் இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ வழக்கறிஞர் பெயரைப் போட்டுத் தேடினால் அந்தக் கோர்ட்டில் அவர் நடத்தும் வழக்குகளின் பட்டியல் வரும். எத்தனை விடுதலை என்று எண்ணி மார்க் போடாதீர்கள், அது வழக்கின் தன்மையைப் பொறுத்தது. இந்த வகை வழக்குகளை அவர் இந்தக் கோர்ட்டில் நடத்துகிறாரா என்பதற்கு மட்டும் அதைப் பாருங்கள். "டாப் 10 கிரிமினல் லாயர்ஸ்" என்று இணையத்தில் வரும் பட்டியல்களை மறந்துவிடுங்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்வதே தடை. ஆன்லைனில் வக்கீல்களை விற்கும் தளங்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றமே 2024 ஜூலையில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.

மெட்ராஸிலிருந்து பெரிய சீனியரைக் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடுவதென்றால், அதுவும் சட்டக் கேள்வி சிக்கலாக இருந்தால், யோசிக்கலாம். மாஜிஸ்திரேட் கோர்ட் விசாரணைக்கு வேண்டாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் வரமாட்டார், வரமுடியாது. வழக்கு இரண்டு மூன்று வருடம் இழுக்கும், முப்பது நாற்பது வாய்தா சாதாரணம், அதில் நாலைந்து நாள்தான் உயிர்நாள். அந்த நாலைந்து நாளும் யார் வந்து நிற்பார் என்பதுதான் கேள்வி, இதை நேராகவே கேளுங்கள். "குறுக்கு விசாரணை நீங்களே பண்ணுவீங்களா, ஜூனியரா?" என்று கேட்டால் நல்ல வக்கீல் கோபப்பட மாட்டார். ஜூனியர் பண்ணுவார் என்றால் அந்த ஜூனியரைப் பார்த்துப் பேசுங்கள், சில சமயம் அவர்தான் கட்டைப் படித்திருப்பார்.

இன்னொரு கேள்வி கேளுங்கள்: "எங்க பக்கத்துல பலவீனம் என்ன?" ஒன்றுமே இல்லை என்கிறவர் உங்களைச் சந்தோஷப்படுத்துகிறார், அவ்வளவுதான். "உங்க வீட்டுக்காரர் அன்னிக்கு ராத்திரி அனுப்பின மெசேஜ் ஒண்ணு உதைக்குது" என்று சொல்கிறவரிடம் உட்காருங்கள். பிரிவு எண்களைத் தப்பாகச் சொன்னால் மட்டும் மன்னித்துவிடுங்கள். சட்டமே மாறி நாங்கள் எல்லாரும் திணறுகிறோம். முன்பு 482 என்றால் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு, இப்போது அதே 482 முன்ஜாமீன், ரத்து மனு 528க்குப் போய்விட்டது. வராந்தாவில் நாங்களே ஒரு பேச்சில் இரண்டு தடவை மாற்றிச் சொல்கிறோம்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. கணவருக்கும் தம்பிக்கும் ஒரே வக்கீல் போதும் என்று நினைக்கிறீர்கள், செலவும் மிச்சம், குடும்பமும் ஒன்று. உங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். தம்பி கட்டை எடுக்கவில்லை என்கிறீர்கள். தம்பிக்காக நிற்கிற வக்கீல் அதைச் சொல்லியே ஆகவேண்டும், கணவருக்காக நிற்கிற வக்கீல் அதைச் சொல்லவே கூடாது. ஒரே ஆள் இரண்டையும் எப்படிச் செய்வார்? இரண்டு பேருமே அங்கே இல்லை என்பதோ, இரண்டு பேருமே தற்காப்புக்காகத்தான் என்பதோ உங்கள் நிலை என்றால் ஒரு வக்கீல் சரி. இல்லையென்றால் தனித்தனி வக்கீல், இப்போதே. விசாரணை நடுவில் பிரிந்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம், முதல் வக்கீலும் இருவருக்கும் ஆகாமல் விலக வேண்டி வரலாம். இதை வீட்டில் பேசுவது கஷ்டம் என்று தெரியும். அந்தந்த வக்கீல் அறைக்குள் தனித்தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக்கூடாது, இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு யோசனை கேட்டால் தவிர. கணவர் மனைவியிடம் சொன்னதற்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. தம்பி அக்காவிடம் சொன்னதற்கு எதுவும் கிடையாது. நீங்கள் எவ்வளவு குறைவாகத் தெரிந்துகொள்கிறீர்களோ, தம்பிக்கு அவ்வளவு நல்லது.

வக்கீலிடம் போகிறவர் உண்மையைச் சொல்ல வேண்டும், முக்கியமாக வெட்கமான உண்மையை. எதிர்த்தரப்பு வீட்டுக் கேமராவில் என்ன இருக்கிறது என்பதை நான் முதல் தடவையாகக் கோர்ட்டில் தெரிந்துகொள்ளக் கூடாது. கேமரா என்றதும் ஞாபகம் வருகிறது. தெருவில் கடை, வீடு எங்காவது கேமரா இருந்தால் பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ தானாக அழிந்து புதிது ஏறிவிடும். உங்களுக்குச் சாதகமாக ஏதாவது அதில் இருக்கும் என்றால் வக்கீல் மூலம் இந்த வாரமே எழுத்தில் கேட்டு வையுங்கள். உங்கள் போன்களில் எதையும் அழிக்காதீர்கள், உங்களுக்கு எதிரானது என்றாலும். ஆதாரத்தை அழித்தது தனிக் குற்றம், அது சண்டையைவிட எளிதாக நிரூபணம் ஆகிவிடும்.

பீஸ் விஷயம் சுருக்கமாக. மொத்தமாகப் பேசாமல் கட்டம் கட்டமாகப் பேசுங்கள்: முன்ஜாமீன் இவ்வளவு, குற்றப்பத்திரிகை வந்தபின் விசாரணை முழுவதுக்கும் இவ்வளவு, உயர் நீதிமன்றம் போனால் தனி. நகல் செலவு, பயணம் யாருடையது என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள். ரசீது கேளுங்கள். குறைந்த பீஸ் வாங்குகிறவர் மோசமானவர் என்றோ அதிகம் வாங்குகிறவர் கெட்டிக்காரர் என்றோ எந்த நியதியும் நான் பார்த்ததில்லை.

கடவுள் புண்ணியத்தில் உங்களுக்கு இது வேண்டாம், ஆனாலும் சொல்லிவைக்கிறேன், யாராவது கைதாகிவிட்டால். இருபத்துநாலு மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினர் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும். ரிமாண்ட் ஆனபிறகு நாள் எண்ணுவதுதான் வக்கீலின் வேலை. மரணம், ஆயுள், பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றம் என்றால் 90 நாள், மற்றவற்றுக்கு 60 நாள், அதற்குள் குற்றப்பத்திரிகை வரவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் கேட்டால்தான். நான் ஜூனியராக இருந்தபோது எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கில் 61ஆம் நாள் வெள்ளிக்கிழமை விழுந்தது. சாயங்காலம் ஆகிவிட்டது, திங்கட்கிழமை மனு போடலாம் என்று டைரியில் குறித்துவைத்தோம். திங்கட்கிழமை காலை பத்தரைக்குக் குற்றப்பத்திரிகை மேஜையில் இருந்தது. அந்த ஆள் இன்னும் ஐந்து மாதம் உள்ளே இருந்தான். குறித்துவைத்தது என் கையெழுத்து.

பணம் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால்: காவலில் இருப்பவர், பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் எல்லாருக்கும் 1987ஆம் வருடச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100க்குப் போன் செய்தும் கேட்கலாம். இப்போது பல மாவட்டங்களில் எதிரித் தரப்புக்கென்றே முழுநேர வக்கீல்களை வைத்திருக்கிறார்கள், தனியாக வழக்கு எடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. இலவசம் என்றால் ஏனோதானோ என்று ஒரு பேச்சு இருக்கிறது. முன்பு அதில் உண்மை இருந்தது, இப்போதும் ஆளைப் பொறுத்தது. ஆனால் மேலே சொன்ன மெலிந்த குரல்காரர் அந்தப் பையனுக்கு இலவச சட்ட உதவியில் வந்தவர்தான்.

வைத்த வக்கீல் சரியில்லை என்றால் மாற்றலாம், அது உங்கள் உரிமை. பழையவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிப் புதிய வக்காலத்துப் போடுவது வழக்கம். அவர் பீஸ் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது, உச்ச நீதிமன்றம் 2000இலேயே அதைச் சொல்லிவிட்டது. பாக்கியைக் கொடுத்துவிடுங்கள், அது வேறு. சாட்சி கூண்டில் நிற்கிற அன்று மாற்றாதீர்கள், புதிதாக வருகிறவருக்குப் படிக்க நேரம் வேண்டும். வக்கீலை மாற்றுவதைவிட முக்கியம் எதிரிகள் வாய்தாவுக்குத் தவறாமல் வருவது. ஒரு நாள் வராமல் போய் பிடிவாரண்ட் ஆனால், அதுவரை கட்டிக்காத்த நல்ல பெயர் எல்லாம் போய்விடும்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. இந்த எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய இப்போதே உயர் நீதிமன்றம் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். சண்டை நடந்தது, காயம் இருக்கிறது என்னும்போது விசாரணை முடியும் முன் ரத்து கிடைப்பது கடினம் என்பது என் அனுபவம், சமரசமானால் மட்டும் நிலைமை மாறும். முன்ஜாமீனை இப்போதே போடுவதா, நோட்டீஸுக்குப் போய்வந்து பார்ப்பதா என்பதில் நல்ல வக்கீல்களுக்குள்ளேயே இரண்டு அபிப்பிராயம் உண்டு. நோட்டீஸ் இருக்கும்போது மனு போட்டால் கைது பயமே இல்லையே என்று தள்ளிவிடவும் கூடும், காயம் கொடுங்காயமாக மாறும் அறிகுறி இருந்தால் காத்திருப்பது ஆபத்து. காயச் சான்றிதழைப் பார்க்காமல் இதில் ஒரு பக்கம் சாய்ந்து பேசுகிறவரை, நான் உட்பட, நம்பாதீர்கள்.

நாளைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், தேதி கொடுத்து எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து இரண்டு பிரதி போடுங்கள். கணவர் ஒரு தாளிலும் தம்பி இன்னொரு தாளிலும், அவரவர் கையால், அவரவர் வக்கீலுக்கு என்று தலைப்பிட்டு, அன்றைக்கு என்ன நடந்தது என்று மணி வாரியாக எழுதட்டும், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டாம். நீங்களும் பார்க்க வேண்டாம். அந்தத் தாளையும் எஃப்.ஐ.ஆரையும் மேஜையில் வைத்துவிட்டு, எதிரே இருப்பவர் பேச ஆரம்பிக்கிறாரா, படிக்க ஆரம்பிக்கிறாரா என்று பாருங்கள்.